குளிக்காமல் தூங்கிய எஞ்சின்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் எங்கள் லைனில் கேமரா வைத்தார்கள். அட்டை வரிசை மாறினால் அதுவே மணியடித்து மெஷினை நிறுத்திவிடும். பொருத்திய அன்று எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றோம். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி என்னைப் பார்த்து, "இது இல்லாம அப்பல்லாம் எப்டிக்கா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். ஏதோ நாங்கள் சிக்கிமுக்கிக் கல்லை உரசி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்த மாதிரி கேட்டாள். "கண்ணாலதாம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்காகவும், அவளைப்போலக் கேட்ட மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் தயாராவது குழந்தைகளின் அட்டைப் புத்தகம். பக்கமே கெட்டி அட்டையாக இருக்குமே, குழந்தை கடித்தாலும் கிழியாமல், அது. ஒரகடம் ஜங்ஷனில் திரும்பி உள்ளே போனால் கார் செய்கிறவர்கள், டயர் செய்கிறவர்கள், கண்ணாடி செய்கிறவர்கள் என்று வரிசையாக வரும். அதற்கெல்லாம் பின்னால் யானையும் பூனையும் வாத்தும் செய்கிற நாங்கள். செய்த புத்தகம் எல்லாம் கப்பலேறிப் போய்விடும். நான் காலில் இரும்பு முனை வைத்த ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்து என் மைத்துனர், "வாத்துப் படம் போடறதுக்கு எதுக்கு அண்ணி இவ்ளோ பெரிய ஷூ?" என்று கேட்பார். அட்டைக் கட்டு ஒன்று அவர் கால் கட்டைவிரலில் விழுந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

நான் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிளஸ் டூ முடித்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு படப்பையிலிருந்து கம்பெனி பஸ் ஏறினேன். ஒரு வருடம் புத்தக மூட்டை கட்டினேன். அப்புறம் பசை மெஷினில் நின்றேன். அதற்கப்புறம் என்னைப் பரிசோதனை மேஜையில் உட்கார வைத்தார்கள், ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

புத்தகம் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. ஒவ்வொரு விரிப்பும், அதாவது புத்தகத்தைத் திறந்தால் கண்ணில் படுகிற இரண்டு பக்கமும், ஒரே அட்டையாக அச்சாகி நடுவில் மடித்து வரும். அடுக்கும் மெஷினில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். முதல் பெட்டியில் முதல் அட்டைக் கட்டு, இரண்டாவதில் இரண்டாவது, இப்படி. மெஷின் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்று உருவி, முதுகோடு முதுகு பசை போட்டு ஒட்டி அழுத்தும். அட்டையின் ஓரத்தில் சின்னதாக நம்பர் இருக்கும். நம்பரைப் பார்த்துப் பெட்டியில் நிரப்ப வேண்டும். கடைசியில் மூன்று பக்கமும் வெட்டும்போது நம்பரும் குப்பைக்குப் போய்விடும். அதனால் ஒட்டி வெட்டிய புத்தகத்தில் வரிசை சரியா தப்பா என்று கண்டுபிடிக்கப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் என் மேஜை. மணிக்கு ஒருமுறை ஓடுகிற லைனிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொள்வேன். முதலில் முனைகளை முழங்கைக்கு உள்பக்கம் தேய்த்துப் பார்ப்பேன். அந்த இடத்துத் தோல் மெல்லிசு, குத்தினால் உடனே தெரியும். அப்புறம் நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு கையாலும் இழுப்பேன். பசை விட்டுக்கொடுத்தால் அப்போதே நிறுத்தச் சொல்லிவிடுவேன். கடைசியாக, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிப் புத்தகத்தை இடது பக்கம் வைத்து, என் புத்தகத்தை வலது பக்கம் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுவேன். வேகமாகப் புரட்டக் கூடாது. வேகமாகப் புரட்டினால் கண் தனக்குத் தெரிந்ததையே பார்க்கும்.

இந்த 'வேகமாகப் புரட்டாதே' என்பது தேவராஜ் சார் சொல்லிக் கொடுத்தது. அவர் உற்பத்தி மேலாளர். சிவகாசிக்காரர், அச்சு மை வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பசை பதமாக இருக்கிறதா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார், பத்தில் இரண்டு தடவை தப்பாகவும் சொல்வார். யாரிடமும் கத்த மாட்டார். அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. கத்துகிற மேலாளர் கத்தி முடித்ததும் போய்விடுவார். இவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லு தாயி" என்பார். நாம் சொன்னதும், "அப்புறம்?" என்பார். இன்னும் கொஞ்சம் சொன்னால் மறுபடியும் "அப்புறம்?" நாம் மறைக்க நினைத்தது, மறந்தது, நமக்கே தெரியாதது எல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பார். லைனில் எல்லாரும் அவர் மாதிரி "அப்புறம்?" சொல்லிக் கேலி செய்வோம். அது மெல்ல மெல்ல எங்கள் பேச்சாகவே ஆகிவிட்டது.

அடுக்கும் மெஷினில் பெட்டி நிரப்புகிற வேலை குணசுந்தரிக்கு. நாங்கள் குணா என்போம். காண்ட்ராக்ட்டில் வந்தவள். வீட்டுக்காரர் கட்டட வேலையில் விழுந்து இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்தான். நல்ல வேலைக்காரி. அடுத்த தடவை நிரந்தரம் பண்ணும்போது உன் பெயர்தான் முதலில் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்களில் பலருக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. எனக்கும் எழுத்துக்கூட்டித்தான். அதனால் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. புதுப் புத்தகம் வந்தால் படத்தைப் பார்த்து நாங்களே ஒரு கதை கட்டிவிடுவோம். பெட்டி வரிசையும் அந்தக் கதையோடு சேர்ந்து மனசில் நின்றுவிடும். கோழிக்குஞ்சு அம்மாவைத் தேடுது, வாத்துகிட்ட கேக்குது, பசுகிட்ட கேக்குது என்று சொல்லிக்கொண்டே குணா நிரப்புவாள். ஒருதரம் அச்சிலேயே நம்பர் மாறிப்போய் வந்தது. "அம்மா கெடச்ச பொறவு எதுக்குக்கா பசுகிட்ட போய்க் கேக்குது?" என்று குணா மெஷினை நிறுத்தினாள். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. தேவராஜ் சார் எல்லாரையும் கூப்பிட்டுக் கை தட்ட வைத்தார். எச்.ஆர். அதிகாரி கீழே இறங்கி வந்து அவளுக்குச் சாக்லேட் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் வந்ததுதான் எஞ்சின் புத்தகம்.

பெயர் சொல்ல மாட்டேன், கம்பெனி விஷயம். கரி போட்டு ஓடுகிற பழைய எஞ்சின்கள் மனிதர் மாதிரிப் பேசிக்கொள்ளும் கதை. புத்தகம் கப்பலேறிப் போகிற அந்த ஊரில் தாத்தா காலத்திலிருந்து படிக்கிற புத்தகமாம். எஞ்சின் முகப்பில் கண், மூக்கு, புருவம் எல்லாம் வைத்திருந்தார்கள். எங்கள் பகுதியில் ரயில் வரும் வரும் என்று சொல்லிச் சொல்லியே என் தலை நரைத்துவிட்டது. லைனில் கரி எஞ்சினை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். சின்ன வயதில் செங்கல்பட்டில் பார்த்தேன், கண்ணில் கரித்தூள் விழுந்தது, அழுதேன். எனக்கு இருக்கிற ரயில் ஞாபகம் அவ்வளவே.

புத்தகத்தில் ஒரு குட்டிப் பச்சை எஞ்சின், ஒரு பெரிய கறுப்பு எஞ்சின். பெரியதற்கு நாங்கள் மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். எப்போது பார்த்தாலும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு யாரையோ அதட்டுகிற முகம். முதலில் குட்டியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். அப்புறம் அது பளபளவென்று வெளியே கிளம்புகிறது. மேட்டில் மேஸ்திரி ஏற முடியாமல் திணறுகிறது. குட்டி பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. மேலெல்லாம் கரி, சேறு. கடைசி விரிப்பில் ராத்திரி, கொட்டகையில் எல்லா எஞ்சினும் தூங்குகின்றன. இருட்டு நீலத்தில் வரைந்திருந்ததால் யார் அழுக்கு, யார் சுத்தம் என்று தெரியாது.

காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. டீ இடைவேளையில் இந்தக் கதையைப் பற்றிப் பேச்சு வந்தது. "கொழந்த சேத்துல வெளையாடினு வந்தா குளிப்பாட்டித்தானே படுக்க வெப்போம்? இது காலைல குளிச்சிட்டு, சாயந்தரம் அழுக்கா ஆயி, அப்டியே தூங்குதே" என்று குணா சொன்னாளாம். ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்களாம். யாருக்கும் அது வினையாகும் என்று தோன்றவில்லை. போன வாரமும் நம்பர் தப்பாகத்தானே இருந்தது? டீ முடிந்து வந்த குணா, குளிக்கிற அட்டையை எடுத்துச் சேற்று அட்டைக்குப் பின்னால் வைத்தாள். மற்ற கட்டுகளை ஒவ்வொரு பெட்டி முன்னால் நகர்த்தினாள். மெஷினுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போனது.

அடுத்த மணிக்கு நான் ஒரு புத்தகத்தை உருவி மாதிரிப் புத்தகத்தோடு வைத்துப் புரட்டினேன். இடது பக்கம் மாதிரியில் முதலில் குளியல், வலது பக்கம் என்னுடையதில் முதலில் பயணம். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். லைன் நின்ற அமைதியில் குணா சிரித்த முகத்தோடு ஓடிவந்தாள். "பாத்தியாக்கா? மறுபடியும் நம்பரு தப்பா வந்துகீது. நானே மாத்திட்டேன்" என்றாள். நான் மாதிரிப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. தப்பு செய்தவள் முகம் இல்லை அது. நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தவள் முகம்.

துறைமுகத்துக்குப் போக வேண்டிய கண்டெய்னர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நல்லதும் கெட்டதும் கலந்து அடுக்கியாகிவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தேவராஜ் சார் வந்தார். இரண்டு புத்தகத்தையும் வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு தாயி."

"நம்பரு தப்புன்னு நெனச்சி மாத்திட்டேன் சார்" என்றாள் குணா.

"தப்புன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கத அப்டித்தான் சார் வரும்."

"என்ன கதை? முதல்லருந்து சொல்லு."

எல்லாரும் சுற்றி நிற்க, நின்றுபோன மெஷினுக்குப் பக்கத்தில் குணா கதை சொன்னாள். குட்டி எஞ்சின் வேலைக்குக் கிளம்பிச்சு என்றாள். "அப்புறம்?" என்றார் சார். மேஸ்திரி மேட்டுல மாட்டிக்கிச்சு. "அப்புறம்?" இது போய் முட்டுக் குடுத்துச்சு, மேலெல்லாம் கரி. "அப்புறம்?" குணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வூட்டுக்கு வந்து குளிச்சிட்டுத் தூங்கிச்சு சார். யாருனா அழுக்கோட படுக்க வெப்பாங்களா?"

சார் மாதிரிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கீழே இருந்த வரிகளை மனசுக்குள் படித்தார். பிறகு எங்களுக்கும் சொன்னார். "இதுல என்ன எழுதியிருக்குன்னா, மேல ஒட்டுன கரியைக் கழுவ வேண்டாம்னு அந்தக் குட்டியே சொல்லுது. இது நான் வேலை செஞ்ச கரி, இன்னைக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும்னு சொல்லிட்டுத் தூங்குது. இந்தப் புத்தகமே அதுக்குத்தான் தாயி."

குணா எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம், "நாங்களும்தான் சார் தெனம் வேலை செய்றோம். குளிக்காமலா படுக்கறோம்?" என்றாள். அந்த நேரத்திலும் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சாருக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. எழுந்து மேலே போனார். சாட்சி சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மேலே எச்.ஆர். அதிகாரியும் காண்ட்ராக்ட்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். "நம்பரைப் பார்த்து வைக்கிறதுதான் அவங்க வேலை. இதுல கதை எங்கேருந்து வந்தது?" என்றார் எச்.ஆர்.

"போன வாரம் எங்கேருந்து வந்துச்சோ அங்கேருந்துதான்" என்றார் தேவராஜ் சார். "அன்னைக்கும் அவ நம்பரை நம்பல, கதையைத்தான் நம்புனா. நாம எல்லாரும் கை தட்டுனோம். நீங்க சாக்லேட் குடுத்தீங்க."

எச்.ஆர். பேனாவைத் திறந்து மூடினார். காண்ட்ராக்ட்காரர் குறுக்கே புகுந்தார். "எதுக்கு சார் இவ்ளோ பேச்சு? நாளைக்கு அந்தப் பொண்ண ஏத்தாதன்னு பஸ் டிரைவருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சி போச்சி."

எங்கள் பக்கத்தில் காண்ட்ராக்ட் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிற முறை அதுதான். கடிதம் கிடையாது, கூப்பிட்டுச் சொல்வது கிடையாது. காலையில் ஸ்டாப்பில் நிற்பார்கள், பஸ் நிற்காமல் போகும். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புத்தகத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது அவங்களுக்குப் படிச்சுச் சொன்னோமா?" என்றார் சார். "சொல்லியிருந்தா மாத்தியிருக்க மாட்டா. சொல்லாதது என் தப்பு. அறிக்கையில அப்படித்தான் எழுதப் போறேன். அவளை நிறுத்துறதுன்னா என் பேரையும் சேத்து எழுதிக்கிடுங்க." சத்தமே ஏறாமல் சொன்னார். எச்.ஆர். நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

சாயந்தரம் ஷிப்டு முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தரையில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து பிரித்தோம். குளியல் முதலில் வந்தால் இந்தப் பக்கம், பின்னால் வந்தால் அந்தப் பக்கம். குட்டி எஞ்சினின் முகத்தை இத்தனை தடவை அதை வரைந்தவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். குணா யாரோடும் பேசாமல் எல்லாரையும்விட வேகமாகப் பிரித்தாள். வரிசை மாறிய புத்தகங்களை வாடிக்கையாளரின் ஆள் முன்னிலையில் கத்தி மெஷினில் இரண்டாக வெட்டினார்கள். "எதுனா பால்வாடிக்காவது குடுக்கலாமே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கொடுக்க மாட்டார்கள். தப்பான புத்தகம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம்.

மறுநாள் காலை படப்பையில் பஸ் ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். "நேத்து ஆபீஸ்லேருந்து போன் எதுனா வந்துச்சாபா?" என்று கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்குக்கா போன்?" என்றார். உண்மையைச் சொல்கிறாரா, எனக்காக மறைக்கிறாரா என்று தெரியவில்லை. வழியெல்லாம் மனைப்பிரிவுக் கொடிகள், ஷேர் ஆட்டோ கூட்டம். எதையும் நான் பார்க்கவில்லை. கண் முன்கண்ணாடியிலேயே இருந்தது. குணா ஏறுகிற ஸ்டாப் வந்தது. சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஸ் வேகம் குறையாத மாதிரி எனக்குத் தோன்றியது. எழுந்தே நின்றுவிட்டேன். டிரைவர் அவளைக் கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினார். அவள் ஓடிவந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "நிக்காதுன்னு நெனச்சேன்க்கா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரகடம் வரும்வரை விடவில்லை.

அன்று ஷிப்டு தொடங்கும்முன் தேவராஜ் சார் எல்லாரையும் கூப்பிட்டு, குணா இருக்கட்டும் என்று மேலே சொல்லிவிட்டதைச் சொன்னார். இனிமேல் எந்தப் புத்தகம் லைனுக்கு வந்தாலும் முதலில் அதன் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மெஷின் ஓடும் என்றார். சொல்ல வேண்டியவள் நான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்போனில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன். முயல் கதை, கரடி கதை எல்லாம் சமாளித்துவிட்டேன். எஞ்சின் கதையில் மட்டும் ஒவ்வொரு தடவையும் சண்டை வரும். "அந்த ஊரு குளிரு, அதுங்க தெனம் குளிக்காதுங்க" என்று ஒருத்தி ஒருநாள் தீர்ப்புச் சொன்னாள். அந்த விளக்கம்தான் லைனில் பெரும்பாலோருக்குத் திருப்தியாக இருந்தது. குணாவுக்கு அதுவும் போதவில்லை.

அடுத்த நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதற்கு அடுத்ததில் வந்தது. தாமதம்தான், ஆனால் வந்தது. தேவராஜ் சார் ஓய்வு பெற்று சிவகாசிக்கே போய்விட்டார். இப்போது குணா லைன் லீடர்.

என் கடைசி நாளன்று எஞ்சின் புத்தகமே மறுபதிப்புக்கு வந்திருந்தது. கேமரா வந்தபிறகு கதை சொல்ல வேண்டியதில்லை என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். தப்பும் இல்லை, கேமராவுக்குக் கதை தேவைப்படாது. ஆனாலும் குணா மெஷினைப் போடும்முன் எல்லாரையும் கூப்பிட்டாள். பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள், எங்களைத் தீதி, அதாவது அக்கா என்பார்கள். "நீ சொல்றியாக்கா?" என்று என்னைக் கேட்டாள். நீயே சொல் என்றேன். கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி மேஸ்திரி மாதிரி முறைத்துக் காட்டி, தமிழும் அரைகுறை இந்தியுமாகச் சொன்னாள். குளித்தது, கிளம்பியது, தள்ளியது, கரியானது, அப்படியே தூங்கியது. புத்தகத்தில் இருக்கிறபடியே சொன்னாள்.

பெட்டி நிரப்புகிற மிலி என்கிற பெண் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் லைனில் அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் எதுவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தீதி, குளிக்கல? அப்டியே தூங்குது? அப்புறம்?"

குணா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. குணா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மிலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் காலைல எந்திரிச்சிக் குளிச்சிக்கும்மா. அது எனக்குத் தெரியும். ஆனா அதுக்கு இதுல பக்கம் இல்ல. நீ நம்பரப் பாத்தே வை."